விடியற்காலை ஐந்தரைக்கு வீடு இருளாமல் இருக்க: மலையகத்தில் சோலார் பெட்டரியைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் சோலாரும் பெட்டரியும் பொருத்தி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. முதல் நாள் இரவு அடித்த காற்றில் எங்கேயோ சவுக்குக் கிளை கம்பிமேல் விழுந்து லைன் கரண்ட் போயிருந்தது. பெட்டரிதான் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினோம். காலை ஐந்தரைக்கு அடுப்படியில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா சம்பலுக்கு பிளெண்டரைப் போட்டார். மனைவி வெள்ளைச் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். மகள் குளியலறையில் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்தாள். அந்த நொடியே வீடு முழுக்க இருட்டு.

“ஏங்க, பெட்டரி முடிஞ்சிருச்சா?” என்று மனைவி கேட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். முடியவில்லை, பெட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரின் திரை 60 சதவீதம் என்று காட்டியது. பாதிக்கு மேல் கரண்ட் உள்ளே இருந்தும் வீடு இருண்டுவிட்டது.

அன்றிலிருந்து அளந்து, எழுதிவைத்து, லைன்களை மாற்றி, அமைப்புகளைத் திருத்திக் கற்றுக்கொண்டதை இங்கே முழுதாகச் சொல்கிறேன். பெட்டரி பற்றிச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் சூடான ஊர்களுக்கானது. அங்கே இரவில் ஏசி ஓடும், அதுதான் பெரிய சுமை. நம் பக்கம் கதை வேறு. மலையக வீட்டில் பெட்டரிக்கு உண்மையான சோதனை விடியற்காலையில்தான் வருகிறது. இரவு முழுக்கக் கரைந்து பெட்டரி குறைந்திருக்கும் நேரம் அது. குளிர் உச்சத்தில் இருக்கும், சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால் இருக்கும். அதே நேரத்தில்தான் வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிறவரும் எழுந்து சூடு உண்டாக்கும் சாமான்கள் அத்தனையையும் போடுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஆயத்தமாக இருந்தால் மீதி நாள் தானாகச் சரியாகும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: வாட் வேறு, யூனிட் வேறு

மலைமேல் ஊற்றுத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைய இருக்கலாம். ஆனால் அதிலிருந்து அரை அங்குல பைப் மட்டும் வந்தால், நாலு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் பைப்பைத் திறக்கும்போது யாருக்கும் சரியாக வராது. தொட்டியின் கொள்ளளவு யூனிட். பைப்பின் அகலம் வாட். எங்கள் வீடு இருண்டது தொட்டி காலியாகி அல்ல, பைப் போதாமல்.

பைப் என்று சொன்னாலும் வழியில் இரண்டு குறுகல்கள் இருக்கின்றன. ஒன்று இன்வேர்ட்டர். 5 கிலோவாட் இன்வேர்ட்டர் தொடர்ந்து 5,000 வாட் தரும். மோட்டர் கிளம்பும்போது சில நொடிகளுக்கு மட்டும் அதற்கு மேல் தாங்கும். இன்னொன்று பெட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று, அதாவது பிஎம்எஸ். இப்போது பலரும் வாங்கும் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 5,120 வாட்-மணி, அதாவது 5.12 யூனிட் (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). இந்த வகையில் பல மொடல்களுக்கு நிறுவனம் பரிந்துரைக்கும் வெளியேற்றம் 50 ஆம்பியர்தான், அதாவது 2.5 கிலோவாட். உச்சம் 100 ஆம்பியர். ஆகவே 5 கிலோவாட் இன்வேர்ட்டருக்கு ஒற்றைப் பெட்டரியைக் கட்டியிருந்தால், முழுச் சுமையில் இரண்டுமே எல்லையில் நிற்கின்றன. உங்கள் பெட்டரியின் விவரத்தாளில் தொடர் வெளியேற்றம், உச்ச வெளியேற்றம் என்று இரண்டு எண்கள் இருக்கும். இந்த வழிகாட்டியில் வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், அந்த இரண்டையும் எழுதி இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கொள்ளளவிலும் 5.12 முழுதாகக் கைக்கு வராது. அடியில் 20 சதவீதம் விட்டுவைத்தால் 4.1 யூனிட். இன்வேர்ட்டரில் இழப்பாவதைக் கழித்தால் வீட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3.7 யூனிட். பழைய ஈயப் பெட்டரி வைத்திருப்பவர்கள் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. சுமை கூடக் கூட அது தருகிற மொத்த அளவும் குறையும், குளிரிலும் குறையும். நாலு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பெட்டரி தாளில் 7.2 யூனிட் என்று பெரிதாகத் தெரியும். விடிகாலையில் கேத்தலும் அயனும் சேர்ந்தால் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்காதீர்கள்.

படி ஒன்று: உங்கள் வீட்டின் விடியற்காலையை அளந்து பாருங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் போதும். மூன்று நாள் காலை ஐந்திலிருந்து ஏழு வரை எந்தச் சாமான் எத்தனை மணிக்கு ஓடுகிறது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் அடியிலோ பின்னாலோ வாட் அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி வந்தது: கேத்தல் 2,000, அயன் 1,000, பிளெண்டர் 500, ஷவர் ஹீட்டர் 3,500. கூட்டினால் 7,000. அன்று எது வீட்டை அணைத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எண் அழிந்துபோன சாமான் இருந்தால் மீட்டரை வைத்தே அளக்கலாம். சூரியன் இறங்கிய பிறகு, இன்வேர்ட்டரை லைன் கரண்டில் மட்டும் ஓடவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி அந்த ஒன்றை மட்டும் போடுங்கள். மின்னணு மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று மீட்டர் முகத்திலேயே போட்டிருக்கும். அது 1,000 என்றிருந்து, 10 மின்னலுக்கு 18 நொடி எடுத்தால் அந்தச் சாமான் 2,000 வாட். 36 நொடி எடுத்தால் 1,000 வாட்.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. நாம் பயப்படும் கேத்தல் உண்மையில் அவ்வளவு தின்பதில்லை. 1.7 லீற்றர் பச்சைத் தண்ணீரை 15 பாகையிலிருந்து கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.17 யூனிட்தான், ஐந்து நிமிட வேலை. (நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அது கொஞ்சம் மிச்சம்.) கேத்தல் அகலமான பைப்பைக் கேட்கிறது, ஆனால் தொட்டியிலிருந்து எடுப்பது ஒரு வாளி மட்டும். ஷவர் ஹீட்டர் அப்படியில்லை. 3,500 வாட்டில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் கிட்டத்தட்ட 0.6 யூனிட். மூன்று பேர் குளித்தால் 1.75. கைக்கு வரும் 3.7 யூனிட்டில் பாதி, ஏழு மணிக்குள் சாக்கடையில் ஓடிவிடும்.

ஆகவே சாமான்களை மூன்றாகப் பிரியுங்கள். எப்போதும் ஓட வேண்டியவை: லைட், ஃப்ரிட்ஜ், வைஃபை, போன் சார்ஜர். கொஞ்ச நேரம் பலமாக இழுப்பவை: கேத்தல், பிளெண்டர், அயன், ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டர். நீண்ட நேரம் பலமாக இழுப்பவை: ஷவர் ஹீட்டர், ரூம் ஹீட்டர், மின்சார அடுப்பு, சுடுதண்ணீரில் துவைக்கும் மெஷின். இந்த மூன்றாவது கூட்டத்துக்குப் பெட்டரியில் இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. இன்னொரு பெட்டரி வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். ஆனால் பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய பெட்டரியில் குளிக்கிற தண்ணீரைச் சுட வைப்பது, கொழுந்துக் கூடையில் கல் சுமப்பது மாதிரி.

படி இரண்டு: லைனை இரண்டாகப் பிரியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, பெரும்பாலான வீடுகளில் விடுபட்டுப்போவதும் இதுதான். பெட்டரியோடு வேலை செய்யும் இன்வேர்ட்டரில் பெக்கப் வெளியீடு என்று ஒன்று இருக்கும். லைன் கரண்ட் போனாலும் உயிரோடு இருப்பது அந்த ஒன்று மட்டும். எங்கள் வீட்டில் பொருத்திய நாளில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முழு வீட்டையும் அந்த ஒரே வெளியீட்டில் கட்டிவிட்டார்கள். எனக்கும் அப்போது தெரியாது. முழு வீட்டுக்கும் பெக்கப் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு நாங்கள் கூப்பிட்ட வயரிங் பாஸ் நிதானமாகப் பார்த்துவிட்டு, “சேர், ஹீட்டரையும் அடுப்பையும் இதுல வச்சா எந்தப் பெட்டரியும் நிக்காது. அத வேற டிபி போர்ட்டுக்கு எடுத்துருவோம்” என்றார். டிபி போர்ட் என்றால் வீட்டு லைன்கள் பிரிந்துபோகும் பெட்டி. அரை நாள் வேலை. இப்போது முதல் இரண்டு கூட்டங்களும் பெக்கப் போர்ட்டில் இருக்கின்றன. ஷவரும் மின்சார அடுப்பும் லைன் கரண்டிலிருந்து நேராக வரும் போர்ட்டில். லைன் கரண்ட் இல்லாவிட்டால் அவை ஓடாது. யாரும் மறந்து திறந்தாலும் வீடு இருளாது. கவனத்தை நம்புவதைவிட வயரை நம்புவது மேல்.

பிரிக்கும்போது மூன்று விஷயங்களை பாஸிடம் கட்டாயம் கேளுங்கள். முதலாவது, பழைய வீடுகளில் இரண்டு சர்க்கியூட்டுக்கு ஒரே நியூட்ரல் வயரை (கரண்ட் திரும்பிவரும் வயர்) ஓட்டியிருப்பார்கள். ஒன்று பெக்கப்பிலும் மற்றது லைனிலும் போனால் ட்ரிப் சுவிட்ச் காரணமே இல்லாததுபோல் விழுந்துகொண்டே இருக்கும். போர்ட் பிரித்த பிறகு ட்ரிப் தொல்லை தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டாவது, பெக்கப் போர்ட்டுக்கும் தனி ட்ரிப் சுவிட்ச் வேண்டும். பெட்டரியில் ஓடும்போதும் எர்த் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, இன்வேர்ட்டர் பழுதானால் வீட்டை நேராக லைன் கரண்டுக்கு மாற்ற ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். இரண்டு பக்கமும் ப்ளக் வைத்த வயரைக் கொண்டு சொக்கெட் வழியாக வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மீட்டரைத் தாண்டி வெளியே போய், மழையில் கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்யும் மனிதரைக் கொன்றுவிடும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

குளிக்கத் தண்ணீருக்கு என்ன செய்வது? எங்களுக்கு அமைந்த வழி, உள்ளே காப்புப் போர்வை வைத்த 50 லீற்றர் சுடுதண்ணீர்த் தொட்டி. அதை டைமரில் பகல் 11 மணிக்குப் போட்டு 12.30க்கு நிறுத்துகிறோம். 16 பாகைத் தண்ணீரை 60 பாகைக்குக் கொண்டுவர 2.5 யூனிட்டுக்குச் சற்று அதிகம் தேவை. 2,000 வாட் ஹீட்டரில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பேனல்கள் நன்றாகத் தரும் நேரம் அது. மறுநாள் காலையிலும் குளிக்கப் போதுமான சூடு மிஞ்சும். இதுவும் ஒரு பெட்டரிதான், கரண்டுக்குப் பதிலாகச் சூட்டைச் சேர்த்துவைக்கும் பெட்டரி, லித்தியத்தைவிட எத்தனையோ மடங்கு மலிவு. விறகு அடுப்பு இன்னும் இருக்கிற வீடுகளில் அதையே தொடரலாம், குறை ஒன்றுமில்லை. கேஸ் ஹீட்டர் வைப்பதானால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும். மூடிய குளியலறைக்குள் அதன் புகை உயிரைப் பறிக்கும்.

படி மூன்று: உங்கள் இன்வேர்ட்டர் கலக்குமா, மாற்றுமா?

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஹைபிரிட் என்றே சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் சுமை கூடும்போது நடந்துகொள்ளும் விதத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை பெட்டரியையும் லைன் கரண்டையும் ஒன்றாகக் கலந்து தரும். வீட்டுக்கு 4,000 வாட் வேண்டும், பெட்டரிக்கு 2,500 என்று எல்லை போட்டிருக்கிறீர்கள் என்றால் மீதி 1,500 லைனிலிருந்து வரும். இன்னொரு வகை கலக்காது. ஒரு நேரத்தில் பெட்டரி அல்லது லைன், இரண்டில் ஒன்றுதான். கண்டுபிடிக்க எளிய வழி: சூரியன் இல்லாத நேரத்தில் பெட்டரியில் ஓடவிட்டு, கேத்தலையும் அயனையும் போட்டு இன்வேர்ட்டர் திரையைப் பாருங்கள். பெட்டரியும் லைனும் ஒரே நேரத்தில் வீட்டுக்குத் தருகின்றன என்று காட்டினால் கலக்கும் வகை.

கலக்கும் வகை என்றால் வெளியேற்ற எல்லை என்ற அமைப்பைத் தேடுங்கள். உச்சம் 100 ஆம்பியர் உள்ள ஒற்றைப் பெட்டரிக்கு நான் 50 வைத்திருக்கிறேன். லைன் கரண்ட் இருக்கும் நாட்களில் பெட்டரி மெதுவாக, சூடாகாமல் வேலை செய்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது: லைன் கரண்ட் இல்லாத நேரத்தில் மீதியைத் தர ஆள் இல்லை. அப்போது எல்லையைத் தாண்டினால் இன்வேர்ட்டர் அணைந்துவிடும். அதற்காகத்தான் முன்பே லைனைப் பிரித்தோம்.

மாற்றும் வகை என்றால் இரண்டு அமைப்புகள் முக்கியம். முதலாவது முன்னுரிமை. சோலார், பெட்டரி, லைன் என்ற வரிசையை எஸ்பியு என்றும், சோலார், லைன், பெட்டரி என்ற வரிசையை எஸ்யுபி என்றும் குறிப்பார்கள். இரண்டாவது, ஓவர்லோட் பைபாஸ். அதை இயக்கிவைத்தால், பெட்டரியில் ஓடும்போது சுமை மிஞ்சினால் அணையாமல் லைன் கரண்டுக்குத் தாவிவிடும். பல வீடுகளில் இது நிறுத்தப்பட்ட நிலையிலேயே கிடக்கிறது. இன்றே போய்ப் பாருங்கள்.

அப்புறம் பெட்டரிக்கும் இன்வேர்ட்டருக்கும் இடையில் ஒரு தகவல் கேபிள் போக வேண்டும். அது இல்லாவிட்டால் இன்வேர்ட்டர் வோல்ட்டை மட்டும் பார்த்துப் பெட்டரியின் நிலையை ஊகிக்கும். லித்தியம் பெட்டரியில் 90 சதவீதத்திலிருந்து 20 வரை வோல்ட் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் கேத்தலைப் போட்டவுடன் ஒன்றரை வோல்ட் தாழ்ந்து, அணைத்ததும் மீளும். ஊகிக்கும் இன்வேர்ட்டர் அந்தத் தாழ்வைப் பார்த்துப் பெட்டரி தீர்ந்தது என்று நினைத்துவிடும். கேபிளைப் போட்டு, எல்லா எல்லைகளையும் வோல்ட்டில் அல்லாமல் சதவீதத்தில் வையுங்கள்.

படி நான்கு: விடியலுக்கு ஒதுக்கி வையுங்கள்

எங்கள் வீட்டுக் கணக்கைக் காட்டுகிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை லைட், டிவி, ரைஸ் குக்கர் சேர்ந்து ஒரு யூனிட், அதாவது பெட்டரியில் 20 சதவீதம். இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை ஃப்ரிட்ஜும் வைஃபையும் இன்வேர்ட்டர் தனக்கே எடுத்துக்கொள்ளும் 50 வாட்டும் சேர்ந்து சராசரி 130 வாட். பத்து மணி நேரத்துக்கு 1.3 யூனிட், 25 சதவீதம். விடியற்காலையில் கேத்தல் இரண்டு தடவை, அயன் கால் மணி நேரம், பிளெண்டர், லைட் எல்லாமாக 0.7 யூனிட், இழப்போடு 15 சதவீதம். மொத்தம் 60. அடியில் தொடாமல் விடும் 20 சேர்ந்தால் 80. சூரியன் இறங்கும்போது 80க்கு மேல் இருந்தால் கவலை இல்லை.

ஆனால் மழை நாளில் மாலை ஆறுக்கு 50தான் இருக்கும். அப்போது பெட்டரியைத் தன் போக்கில் விட்டால் நள்ளிரவுக்குள் 20க்கு வந்துவிடும், விடியலுக்கு ஒன்றும் மிஞ்சாது. இதற்கு நேரவாரி அமைப்பு உதவும். மாலை 6.30 முதல் 10.30 வரை 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வையுங்கள். 10.30 முதல் காலை 5 வரை பெட்டரி ஓய்வு, வீடு லைன் கரண்டில். 5 முதல் 7 வரை 20 வரை இறங்கலாம். நேரவாரி அமைப்பு இல்லாத இன்வேர்ட்டரில், லைன் கரண்டுக்குத் திரும்பும் அளவையே 35 அல்லது 40 என்று மழைக்காலத்துக்கு உயர்த்திவிடுங்கள்.

இந்த 6.30, 10.30 என்ற மணிகளை நான் சும்மா எடுக்கவில்லை. நேர அடிப்படைக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரைதான் உச்ச விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை. அந்தக் கட்டண முறையில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் பின்னிரவில் லைனிலிருந்தே பெட்டரியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும் கரண்டை 20 ஆம்பியருக்குள் வையுங்கள். அது ஒரு கிலோவாட் அளவுதான், வீட்டின் 30 ஆம்பியர் இணைப்புக்குப் பாரமாகாது. சாதாரண வீட்டுக் கட்டணத்தில், யூனிட் கூடக்கூட விலை ஏறும் முறையில், இருப்பவர்களுக்கு எந்த மணியும் ஒரே விலை. அவர்கள் இரவில் ஏற்றி இறக்கினால் நடுவில் இழப்பாவது மட்டும்தான் மிச்சம். மறுநாள் கரண்ட் வெட்டு என்று தெரிந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

நெட் மீட்டரிங் முறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. நீங்கள் வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட் கணக்கில் நிற்கிறது. தினமும் பெட்டரியை இறக்கி ஏற்றுவதில் உங்களுக்குப் பணமாக எதுவும் சேராது, பெட்டரியின் ஆயுள்தான் குறையும். அதை உயரத்திலேயே வைத்திருந்து கரண்ட் போகும் நேரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

மழைப் பக்கம், வெயில் பக்கம்

மலையகம் முழுவதற்கும் ஒரே அமைப்பு சரிவராது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும்போது, மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் காற்றும் வெயிலுமாக இருக்கும். டிசம்பரில் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை பதுளை, பசறைப் பக்கம் இறங்கும். ஆகவே வருடத்தில் இரண்டு தடவை, உங்கள் பக்கத்து மழை தொடங்கும்போதும் முடியும்போதும், அமைப்பை மாற்றுங்கள். லைன் கரண்டுக்குத் திரும்பும் அளவை நாங்கள் ஜூனில் 40 என்று உயர்த்துகிறோம், டிசம்பரில் 25க்கு இறக்குகிறோம்.

இரண்டு மழைக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் நல்ல வெயில், பின்நேரம் இடி மழை என்று போகும். அந்த மாதங்களில் அயன், துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டர் எல்லாவற்றையும் பகல் ஒன்றுக்கு முன் முடித்துவிட வேண்டும். பின்நேரத்தை நம்பி ஒத்திப்போட்டால் மேகத்தின் கீழ் பெட்டரியிலிருந்துதான் ஓடும்.

குளிர் பற்றி இரண்டு குறிப்பு. பேனல்களுக்குக் குளிர் நல்லது, சூட்டில் தருவதைவிட அதிகம் தரும். ஆனால் அவற்றின் வோல்ட்டும் ஏறும். தொடராகக் கோர்த்த பேனல்களின் மொத்த வோல்ட், 5 பாகை விடிகாலையிலும் இன்வேர்ட்டரின் எல்லையைத் தாண்டாமல் கணக்கிடப்பட்டதா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள். லித்தியம் பெட்டரியைப் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. வீட்டுக்குள் அந்த அளவு குளிர் வராது. ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி விழும் நுவரெலியாப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் வெளியே வைத்தால் காலையில் அது சார்ஜ் எடுக்க மறுக்கலாம். உள் சுவரோரம், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஆனால் படுக்கையறை வேண்டாம்.

மாலையில் வோல்ட் விழும் வீடுகள்

தோட்டப்பக்கம் ட்ரான்ஸ்ஃபோர்மரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருப்பவர்களுக்கு இது தெரியும். மாலை ஏழுக்கு எல்லாரும் போட்டதும் லைட் மங்கும். நம் நாட்டில் இருக்க வேண்டியது 230 வோல்ட், மேலும் கீழும் 6 சதவீதம், அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. அதைவிட மிகவும் தாழ்ந்தால் இன்வேர்ட்டர் லைன் கரண்டைக் கெட்டது என்று தள்ளிவிட்டுப் பெட்டரிக்குத் தாவும். வீட்டில் சுமை அதிகமாக இருக்கும் அதே நேரத்தில், நீங்கள் கேட்காமலே பெட்டரி முழுச் சுமையையும் தூக்கும். காலையில் பெட்டரி ஏன் குறைவு என்று புரியாமல் தவிப்பீர்கள். நாங்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.

மாற்றும் வகை இன்வேர்ட்டர்களில் உள்வரும் வோல்ட்டுக்குக் குறுகிய எல்லை, அகன்ற எல்லை என்று இரண்டு தெரிவு இருக்கும். குறுகியது 170க்குக் கீழே தள்ளிவிடும். அகன்றது 90 வரை ஏற்கும். அகன்றதை வைத்தால் பெட்டரி தப்பும், ஆனால் தாழ்ந்த வோல்ட்டில் ஃப்ரிட்ஜ் மோட்டர் சூடாகிக் கெடும். குறுகியதையே வைப்பது மேல் என்பது என் எண்ணம். நாங்கள் மாலை நேரத்தில் ரைஸ் குக்கரை ஏழு மணிக்கு முன்பே போட்டுவிடுகிறோம். ஒரு வாரம் தினமும் மாலை வோல்ட்டைத் திகதியோடு எழுதிவைத்து, 1987 என்ற மின்சார முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். எழுதிய எண்களோடு பேசினால் முறைப்பாட்டுக்குப் பலம் இருக்கும்.

லைன் கரண்ட் முழுதாகப் போன நாட்களில்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுக்க இருண்டது. நல்ல வெயிலிலும், பெட்டரி இல்லாத சோலார் வீடுகள் அன்று மற்ற வீடுகளைப் போலவே இருண்டன. லைன் போனால் அந்த வகை இன்வேர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும், கம்பத்தில் ஏறுபவரின் பாதுகாப்புக்கு அது கட்டாயம். அதே வருட நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் வந்தபோது, பல ஊர்களில் நாள்கணக்காக வெளிச்சமில்லை. அப்படிப்பட்ட நாளில் திட்டம் வேறாக இருக்க வேண்டும்.

கரண்ட் போய் இரண்டு மணி நேரத்தில் வரவில்லை என்றால் நாங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போடுகிறோம்: சூடாக்கும் சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கேத்தல் ஓடும்போது அயன் இல்லை. கேத்தலில் தேவையான தேத்தண்ணிக்கு மட்டும் தண்ணீர், மீதி ஃப்ளாஸ்க்கில். ரைஸ் குக்கருக்குப் பதில் கேஸ். ஃப்ரிட்ஜைத் திறப்பதைக் குறைத்து, இரவு 10 முதல் காலை 6 வரை அணைத்தேவிடலாம். மூடியே இருந்தால் நம் குளிரில் உள்ளே இருக்கும் குளிர்ச்சி சீக்கிரம் போகாது. இப்படிச் செய்தால் 5.12 யூனிட் பெட்டரி வெயிலே இல்லாமல் ஒரு நாளாவது போகும், மூடுபனிக்குள் பேனல் தரும் கொஞ்சத்தோடு இன்னும் நீளும்.

எல்லாவற்றையும் மீறி வீடு அணைந்துவிட்டால்: முதலில் கேத்தல், அயன், மோட்டர் எல்லாவற்றின் சுவிட்சையும் நிறுத்துங்கள், ப்ளக்கைக் கழற்றினால் இன்னும் நல்லது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் படம் எடுங்கள். ஓவர்லோட் என்றால் ஒரு நிமிடம் பொறுத்து இன்வேர்ட்டரை மீண்டும் இயக்கலாம். பெட்டரியே அணைந்திருந்தால் அதன் சுவிட்சை முதலில் போட்டு, பிறகு இன்வேர்ட்டர். லைட், ஃப்ரிட்ஜ் வந்து நிலையானதும் மற்றவை ஒவ்வொன்றாக. ஃப்ரிட்ஜும் மோட்டரும் கிளம்பும் நொடியில் சாதாரண அளவைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கிளப்பாதீர்கள். இரண்டாவது தடவையும் அணைந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கருகிய வாசனை வந்தால் முதல் தடவையிலேயே.

மாதம் ஒரு தடவை பத்து நிமிடம்

5,000 வாட்டை 48 வோல்ட் பெட்டரியிலிருந்து எடுக்கும்போது அந்தத் தடித்த கேபிளில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கே சூடு பிறக்கும், வோல்ட் விழும், பெட்டரி குறைவதுபோல் பொய்த்தோற்றம் வரும். மாதத்தில் ஒரு காலை, கேத்தலும் அயனும் ஐந்து நிமிடம் ஒன்றாக ஓடிய பிறகு, கேபிளின் வெளி உறையைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம். ஒரு முனை மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது. நீங்களே இறுக்கப் போகாதீர்கள்; முழுதாக நிறுத்திவிட்டு, சரியான சாவியோடு பாஸ் வந்து இறுக்கட்டும். இன்வேர்ட்டரின் விசிறி வாயில் பூச்சியும் தூசும் அடைத்திருக்கும், உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். லித்தியம் பெட்டரி மழைக்காலத்தில் வாரக்கணக்காக 100ஐத் தொடாமல் இருந்தால் அதன் சதவீதக் கணக்கு பிசகிவிடும். வெயில் அடிக்கும் முதல் நாளில், சுடுதண்ணீர்த் தொட்டியின் டைமரைக்கூட நிறுத்திவைத்துவிட்டு, அதை முழுதாக ஏறவிடுங்கள்.